சம்பந்தியின் பிடரியில் விழுந்த காற்று

மனித நாகரிகம் என்பது குளிர்காற்றை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த அன்றுதான் தொடங்கியது. சக்கரம், எழுத்து, சட்டம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இதை நான் கலாசார மாளிகை மேடையில் நானூறு பேர் முன்னிலையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதே வருடக் குளிர்காலத்தில் என் வீட்டு அடுப்புக்கு மேலே, ஒரு சாண் அகல ஓட்டை வழியாக இறங்கிய காற்றை நிறுத்தத் தெரியாமல், தலையில் நரித்தோல் தொப்பியோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை அதிகாரி அவர்களே, நீங்கள் நான்கு தாள் கொடுத்து, நடந்ததை என் கைப்பட எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி. முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் அடுத்தவர்களிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கியவன் நான். நல்ல விளக்கக் கடிதத்தில் குற்றம் மூன்றாம் பக்கத்துக்கு முன்னால் வராது. ஆனால் நீங்கள் அடிக்கடி கடிகாரம் பார்க்கிறீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே நான்காம் மாடியில் இருந்த தையல்காரி கம்ஷாத், ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் சமையலறையில், கேஸ் கீசரின் புகை வெளியேற வழியில்லாமல் செத்துப்போனாள். புகைபோக்கி கூரைமேல் அடைபட்டிருந்தது. அடைத்தவன் நான். மீதி எல்லாம் ஏன் என்பதுதான்.

என் பெயர் ஒமிர்ஸாக். கொஸ்தனாயில், தோபோல் ஆற்றுப் பக்கம், ஐந்து மாடிக் கட்டிடத்தில் ஐந்தாம் மாடி. கட்டிடத்துக்கு நான்தான் தலைவர், எல்லாரும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தது. என் மனைவி ஸிபாகுலும் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவாள். அதில் கொஞ்சம் கிண்டல் உண்டு. நான் கண்டுகொள்வதில்லை.

போன வருடம் மகள் அக்மராலுக்குக் கல்யாணம் ஆனது. சம்பந்தி ஒராஸ்கலி அஸ்தானாக்காரர், ஓய்வுபெற்ற துணை இயக்குநர். எதற்குத் துணை என்று யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரைப் பழைய வீட்டில் உட்காரவைக்க முடியாது. ஆகவே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே அறையாக்கினேன். எங்கள் ஊரில் இதை ஐரோப்பியப் பாணி என்பார்கள். ஐரோப்பாவில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அடுப்பைத் தூரத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் கண்ணாடி முகப்பும் நீல விளக்கும் வைத்த பெரிய சிம்னி மாட்டினேன். சிம்னியின் குழாய் போய்ச் சுவருக்குள் இருக்கும் பழைய செங்கல் புகைபோக்கியில் சேர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். சுவரை இடித்ததால் தோர் எங்கே போனது என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

தோர் என்றால் உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் இருக்கும். வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே கடைசி இடம். மூத்தவர், தூரத்து விருந்தாளி, சம்பந்தி என்று வந்தால் அவருக்குத்தான் அது. அங்கே உட்காரவைத்து ஆட்டுத்தலையை முன்னால் வைத்தால்தான் மரியாதை முழுமை. எங்கள் ஐரோப்பிய அறையில் வாசலிலிருந்து மிகத் தூரமான இடம் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி. அதாவது சிம்னிக்கு அடியில்.

அக்டோபரில் சம்பந்தி முதல்முறை வந்தார். அன்றைக்கு வடக்குக் காற்று. ஆட்டுத்தலையை வைத்தோம், வழக்கப்படி அதன் காதை அறுத்தார், துதி சொன்னார். பிறகு மெல்லப் பிடரியைத் தடவினார். கோட்டின் காலரைத் தூக்கிவிட்டார். தட்டில் குதிரைக் கொழுப்பு வெள்ளையாக உறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“சம்பந்தி, உங்க வீட்டுத் தோர்ல உக்காந்தா நடுப்புல்வெளியில உக்காந்த மாதிரியே இருக்கு. நம்ம முன்னோரையெல்லாம் கண்ணு முன்னாடி கொண்டாந்துட்டீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். ஸிபாகுலும் சிரித்தாள், அதைக் குறித்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் மகள் போன் செய்தாள்.

“அப்பா, கோவிச்சுக்காதீங்க. இங்க எல்லாரும் நம்ம வீட்டை வானிலை நிலையம்னு சொல்றாங்க. வெளிய குளிரான்னு கேட்டா, ‘இரு, கொஸ்தனாய்ச் சம்பந்திக்கு போன் போட்டுக் கேக்குறேன்’னு சொல்றார் மாமா.”

ஜனவரியில் எனக்கு எழுபது நிறைவதாக இருந்தது. சம்பந்தி மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு மூன்று மாதம் இருந்தது.

நியாயமான வழிகளையெல்லாம் நான் முயன்று பார்த்தேன் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். குழாய்க்குள் ஒரு தகர மடல் பொருத்தினேன். புகை போகும்போது திறக்கும், காற்று வரும்போது மூடும். அது மூடும் ஒவ்வொரு தடவையும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. ஸிபாகுல் இரண்டு நாள் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். மூன்றாம் நாள், “உள்ள வாங்கன்னு சொல்லிடுங்க தலைவரே, தட்டிக்கிட்டே நிக்குது” என்றாள். எடுத்துவிட்டேன். பிறகு ஆட்டுரோமத்தைச் சுருட்டி அடைத்தேன். சிம்னி முகப்பு கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. கீழேயிருந்து பார்த்தால் ஏதோ ஒரு மிருகம் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிற மாதிரி தெரிந்தது. சம்பந்தி நிமிர்ந்து பார்த்தால் என் கதை முடிந்தது.

ஸிபாகுல் அப்போது ஒரு யோசனை சொன்னாள்.

“அவரை ரெண்டு அடி இந்தப் பக்கம் தள்ளி உக்கார வெச்சா என்ன?”

“ரெண்டு அடியா? சம்பந்தியை வாசல் பக்கம் தள்ளினான்னு இருபது வருஷம் பேசுவாங்க.”

“அப்ப மேசையைத் திருப்பிப் போடுங்க.”

“மேசை எப்படி இருந்தா என்ன? வாசல் எங்கயோ, அதுக்கு எதிர்லதான் தோர்.”

“அப்ப வாசலை மாத்துங்க” என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள்.

இதில் எனக்கு வேறு வழி இருந்ததா என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். இருந்தது, இரண்டு அடி தூரத்தில். அது எங்களால் முடியாத இரண்டு அடி.

கூரைச் சாவி கட்டிடத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை மேலே போனேன். கையில் ஒரு கம்பளித் துண்டு, அக்குளில் எங்கள் அலுவலகத்துக் கௌரவப் பலகை. நான் ஓய்வுபெற்றபோது, புதியவர்கள் குப்பையில் போடவிருந்ததை வாங்கி வந்து பரணில் வைத்திருந்தேன். நல்ல தகரம். சிறந்த ஊழியர் பன்னிரண்டு பேர் படம், நடுவில் என்னுடையது.

எங்கள் பக்கத்துப் புகைபோக்கியின் தலைப்பில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில் கையை வைத்தேன், காற்று கீழே உறிஞ்சியது. அது எங்களுடையது. மற்றதில் வைத்தேன், வெதுவெதுப்பாக மேலே வந்தது. வெங்காயம் வதக்குகிற வாசனையும் வந்தது. எங்கள் வீட்டில் அன்று வெங்காயம் வதக்கவில்லை.

ஆகவே எது யாருடையது என்று தெரியுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், தெரியும். மற்றது கம்ஷாத்துடையது, அவளுடைய கீசர் குழாயும் அதே துளையில்தான் சேர்கிறது என்பதும் தெரியும். கட்டிடத்தின் வரைபடம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாடிப்படியில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நீங்கள் படித்திருப்பீர்கள். “புகைபோக்கியை அடைப்பவர் அண்டை வீட்டாரின் மூச்சை அடைக்கிறார்.” அந்த வாசகம் என்னுடையது. நகராட்சியிலிருந்து வந்தவர்கள் அதைத் தனியாகப் பாராட்டினார்கள்.

பலகை இரண்டு துளையையும் மூடும் அகலம். ஒன்றை மட்டும் மூட வேண்டுமென்றால் தகரத்தை நடுவில் வெட்ட வேண்டும். தகரம் வெட்டும் கத்தரி என்னிடம் இருந்தது. ஆனால் நடுவில் என் படம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

கம்பளியை விரித்து, பலகையைப் போட்டு, மேலே நான்கு செங்கல் வைத்தேன். ஓரங்களில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதுவே அவளுக்குப் போதும் என்று நினைத்தேன். நாலைந்து நாள் விஷயம். வீட்டுக்கு வந்து சிம்னிக்கு அடியில் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றினேன். எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இந்தத் தாளில் எழுதுவது பொருத்தமில்லை.

வியாழக்கிழமை கம்ஷாத் மேலே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், புருஷன் போய்ப் பல வருடம், தனி ஆள். கட்டிடத்தில் பாதி வீட்டுத் திரைச்சீலை அவள் தைத்ததுதான். உதட்டில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவாள்.

“ஓமெக்கே, வெந்நீர் போட்டா தலை கனக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. தெருவுக்குப் போனா சரியாயிடுது.”

பெயரைச் சுருக்கி ஓமெக்கே என்பது மரியாதை. அவள் சொன்னால் அதில் கொஞ்சம் விளையாட்டும் இருக்கும்.

“ரத்த அழுத்தம், தங்கச்சி. தேநீரைக் குறைச்சுக்கோ.”

“தேநீரைக் குறைச்சா உசிரோட இருந்து என்ன பிரயோஜனம்? நான் என்ன நெனச்சேன்னா, உங்க சம்பந்தி இன்னும் வரவே இல்ல, அவரு பேசப்போறதை நெனச்சே எனக்குத் தலை சுத்துதோன்னு.”

சிரித்தேன். அவள் பேச்சில் உண்மை இருந்தது, அவள் நினைத்த விதத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள். இந்தத் தடவை குண்டூசி இல்லை. செய்தித்தாளில் கிழித்த ஒரு கீற்றைக் கையில் பிடித்திருந்தாள். காற்றுத் துவாரத்தின் வலையில் காகிதக் கீற்றை வைத்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் புகை நன்றாக இழுக்கிறது, விழுந்தால் இல்லை. எங்கள் கட்டிடத்தில் குழந்தைக்கும் தெரிந்த சோதனை. வருடத்துக்கு இரண்டு தடவை நானே வீடு வீடாகப் போய்ச் செய்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன்.

“ஒட்டமாட்டேங்குது ஓமெக்கே. மூணு வாட்டி வெச்சேன், மூணு வாட்டியும் மூஞ்சியில வந்து விழுது.”

தலைவர் என்ற முறையில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உடனே கீழே போனேன். என்னை அலட்சியக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. முக்காலியில் ஏறினேன். வலையில் வருடக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு. காகிதத்தை வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது.

“பாரு, நிக்குது” என்றேன்.

அவள் கீழேயிருந்து பார்த்தாள். “நீங்க வெச்சா நிக்குது. அதுக்கும் பதவியைப் பாத்துத்தான் மரியாதை போல” என்றாள். பிறகு பதிவேட்டில் நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன்.

சனிக்கிழமை பூராவும் பனிப்புயல். சம்பந்தியின் ரயில் ஒரு நாள் தாமதம். ஞாயிறு காலை கதவைத் திறந்து கூரையை எட்டிப் பார்த்தேன். பலகை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பனி, மேலே ஓடு மாதிரி இறுகி. விரல் நுழைந்த இடைவெளி இப்போது இல்லை. கால் ஈரமானால் விருந்துக்கு முன் காலுறை மாற்ற வேண்டும். கதவைப் பூட்டினேன்.

பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தி வந்தார். தோரில் உட்கார்ந்தார். காற்று இல்லை. அவர் பிடரியைத் தடவிப் பார்த்தார், மேலே நிமிர்ந்து நீல விளக்கைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாமைக்காக நான் மூன்று மாதம் உழைத்திருந்தேன். தலையை வைத்தோம். கறி ஆவி பறந்தது. சம்பந்தி எழுந்து, கிண்ணத்தைக் கையில் பிடித்து, என் எழுபது வருடத்தைப் பற்றி வாழ்த்துரை தொடங்கினார். பேச்சின் பொருள், வீட்டின் கதகதப்பு.

அப்போது அழைப்பு மணி அடித்தது. ஸிபாகுல் கை மாவாக இருந்ததால் நான் போனேன்.

கம்ஷாத் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் நல்ல சிவப்பு. வெளியிலிருந்து வந்தவள் மாதிரி ஆரோக்கியமாகத் தெரிந்தாள் என்று நான் அன்று எல்லாரிடமும் சொன்னேன். கார்பன் மோனாக்சைடு நஞ்சு ஏறியவர்களுக்கு முகம் அப்படிச் சிவக்கலாம் என்பது பாதுகாப்புக் கையேட்டின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அதை எங்கள் தொகுதியில் விநியோகித்தவன் நான்.

“கூரைச் சாவியைக் குடுங்க ஓமெக்கே. நானே போய்ப் பாக்குறேன். ஏதோ குருவி கிருவி விழுந்து கெடக்கு போல.”

“விருந்து நடக்குது, தங்கச்சி. சம்பந்தி பேசிட்டிருக்கார். முடிஞ்சதும் நானே ஏறுறேன்.”

“ஜன்னலைத் திறந்து வெச்சா தண்ணிக்குழாய் உறையுது. மூடினா நான் உறையுறேன். எதைத் திறக்கட்டும்?”

உள்ளேயிருந்து சம்பந்தி கூப்பிட்டார். “எங்கய்யா போனார் பிறந்தநாள்காரர்? நான் சுவத்துக்கா வாழ்த்துச் சொல்றேன்?” சிரிப்புக் கேட்டது.

நான் உள்ளே போய் ஒரு தட்டு நிறையக் கறியும், கஸி என்கிற குதிரைத் தொத்திறைச்சியும் வைத்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

“கறி போட்டு வாயை அடைக்கிறீங்களா, ஓமெக்கே?”

“சாப்பிடு. நல்லா வெந்நீர்ல குளிச்சிட்டுப் படு. சரியாயிடும்.”

குளிக்கச் சொன்னது நான். அவள் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டாள். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு படி இறங்கினாள். கட்டிடத்தில் ஒரு குறை என்றால் தலைவரிடம்தான் சொல்ல வேண்டும். அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அதற்கு மேல் சொல்ல எங்கள் கட்டிடத்தில் ஆள் இல்லை.

வாழ்த்துரை இருபத்தைந்து நிமிடம் நீடித்தது. நடுவில் எழுந்து போவது நடக்காத காரியம். கீழேயிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் குழாய் வழியாகக் கேட்டது. முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், தேநீர் வந்தது, தேநீருக்குப் பின் சம்பந்தி சற்றுக் கண்ணயர்ந்தார். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நான் கீழே போனேன். மணி மூன்றரை. கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. ஒரு கையில் தட்டும் மறுகையில் சுவரும் இருந்ததால் தாழிட முடிந்திருக்காது.

சமையலறையில் தரையில் கிடந்தாள். தோளில் துண்டு. கீசர் எரிந்துகொண்டிருந்தது. நான் அதை அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன். மூச்சு இருந்ததா என்று கேட்டீர்கள். மருத்துவர் அல்லாதவர் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

அடுத்து நீங்கள் கேட்காத ஒன்று. ஆம்புலன்ஸ் அழைத்தது நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்று உங்கள் தாளில் இருக்கிறது. நான் கீழே போனது மூன்றரைக்கு. அந்த இருபது நிமிடம் உங்களுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாது. நான் முதலில் கூரைக்குப் போனேன். பனியைக் காலால் உடைத்து, செங்கலை எடுத்து, பலகையை உருவிப் பரணில் வைத்தேன். மரத்துப்போன கையை வெந்நீரில் காட்டிச் சூடேற்றினேன். பிறகு மறுபடி கீழே வந்தேன். அவள் இருந்த நிலையில் மாற்றம் இல்லை, அல்லது நான் பார்க்கவில்லை. அப்புறம்தான் போன் செய்தேன். ஒரு இருபது நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்று வந்த மருத்துவர் ஏதோ சொல்லத் தொடங்கி, ஸிபாகுல் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

என்னிடம் கொலை நோக்கம் எதுவும் இல்லை. அவள்மேல் எனக்கு வருத்தம்கூட இருந்ததில்லை. ஒரு விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன், அவ்வளவுதான். என் இடத்தில் இருந்த எந்தக் குடும்பத் தலைவரும் தன் சம்பந்தியை வாசல் பக்கம் நகர்த்தியிருக்க மாட்டார் என்று எழுத்தில் கொடுக்கத் தயார்.

கடைசியாக, அவள் மேசைமேல் கறி ஏன் தட்டில்லாமல் வெறும் விரிப்பில் குவிந்து கிடந்தது என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். நான் தெரியாது என்றேன். அது சரியல்ல. போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள், கறியை விரிப்பில் கொட்டிவிட்டுத் தட்டை மேலே எடுத்துப் போய்க் கழுவி வைத்தேன். அது பன்னிரண்டு தட்டு செட்.